செம்பனைக்கு நடுவே என் திராட்சை

திராட்சை வளர்ப்பவருக்கு மழை, பறவை, பூச்சி எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, வேலியோரம் நின்று யோசனை சொல்பவர்கள்தான். கணவர் நிலத்தில் கணவருக்குப் பிடிக்காத பயிரை வைத்த சகோதரிகளே, உங்களுக்கு இது புரியும்.

மூவார் ஆற்றங்கரை மண் எங்களுடையது. வியாபாரப் படகுகள் போய்வந்த காலத்திலிருந்து எதையெல்லாமோ விளைவித்த மண். இப்போது சுற்றிலும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை. வீட்டை ஒட்டிய ஒரு துண்டில் மட்டும் பிளாஸ்டிக் கூரை போட்டு நான் திராட்சைக் கொடி வைத்தேன். என் கணவர் சேகர் ஒரே நிபந்தனை போட்டார்: முதல் அறுவடையை வாங்கியவர்கள் திரும்பி வந்து கேட்கவில்லையென்றால், கொடியைப் பிடுங்கிவிட்டுச் செம்பனைக் கன்று.

மொட்டை

நம் ஊரில் குளிர்காலம் கிடையாது. கொடி தானாக இலை உதிர்த்து ஓய்வெடுக்காது. நாம்தான் கிளையை வெட்டி, இலையை உருவி உசுப்பிவிட வேண்டும், அப்போதுதான் பூக்கும். ஒரு காலையில் தோட்டம் முழுவதையும் மொட்டையடித்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ரொக்கியா மாச்சிக் எட்டிப் பார்த்தார். எங்களோடு பழகி அவருக்குத் தமிழ் அரைகுறையாக வரும். உள்ளே போய் ஒரு தட்டுப் பலகாரத்தோடு வந்து, துக்கம் விசாரிக்க வந்தவர்போல என் தோளைத் தொட்டார்.

"அலாமாக், எல்லாம் செத்து போச்சா? அழாத லா, பொறுமை."

உதிரி

துளிர் வந்தது, பூ வந்தது, காய் கறுத்தது. எனக்குக் கை பரபரத்தது. கத்தரிக்கோலோடு போனால், சேகர் கொடிக்கு அடியில் குனிந்து தரையில் எதையோ தேடுகிறார். செம்பனையில் பழம் உதிர்ந்து கீழே கிடந்தால்தான் குலையை வெட்டுவார்கள். அதே பார்வை திராட்சைக்கும்! சிரித்துக்கொண்டே ஒன்றைப் பறித்து வாயில் போட்டேன். புளிப்பு உச்சந்தலைக்கு ஏறியது. நிறம் முன்னால் வரும், இனிப்பு பின்னால்தான் வரும். வெட்டிவிட்டால் அதற்குமேல் இனிக்காது. அவர் காரணம் தப்பு, இப்போது வெட்டக்கூடாது என்ற முடிவு சரி. முகத்தைச் சுளிக்காமல் விழுங்கிவிட்டுக் கத்தரிக்கோலை இடுப்பில் செருகினேன்.

"ஒரு உதிரிகூட விழல. அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு?"

கிறிஸ்துமஸ் வைன்

காத்திருந்து வெட்டிய பழம் அப்படி இனித்தது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்? அதில் பெரும்பங்கை வாங்கியவர் மூவார் டவுனில் இருக்கும் கிரேஸ் ஆன்ட்டி. யாழ்ப்பாணக் குடும்பம், ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி. ஆண்டுதோறும் வீட்டிலேயே வைன் போடுவார், அதுவரை கடையில் வாங்கிய வெளிநாட்டுப் பழத்தில். வாங்கிப் போனவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. சேகர் நாற்றுப் பண்ணைக்குப் போன் செய்து கன்றுக்குச் சொல்லிவைத்தார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வாசலில் கார் நின்றது. கிரேஸ் ஆன்ட்டி கையில் ஒரு போத்தல். பண்டிகையன்றுதான் திறப்பாராம், ருசி பார்க்காமல் எதுவும் சொல்லமாட்டாராம். சேகர் ஒரு மடக்குக் குடித்தார். தம்ளரை மறுபடி நீட்டினார். "அடுத்த வெட்டும் எனக்குத்தான், சொல்லிப்போட்டன்," என்றார் ஆன்ட்டி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சேகர் என்னைப் பார்க்காமல், நாற்றுப் பண்ணை முதலாளிக்குப் போன் போட்டார்.

"தவுக்கே, கன்னு வேணாம். பிளாஸ்டிக் கூரை போடுற ஆள் யாராச்சும் இருந்தா சொல்லுங்க, இன்னொரு துண்டுக்கும் போடணும்."

திராட்சை வைத்தது தன் யோசனை என்றுதான் இப்போது வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். கூரைமேல் ஏறி வேலை செய்ய அவர் வேண்டுமே என்று நானும் தலையாட்டிவிடுகிறேன்.