காணாமல் போகாதவள்

எலும்புகளைச் சாக்கில் அள்ளி வைத்திருந்தார்கள். பார்த்ததுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் வரும்வரை எதையும் தொடாதீர்கள் என்று போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். தடய அறிவியல் துறையில் எலும்பு ஆய்வு என் வேலை. எண்பதுகளின் நடுவில், நாகலூர் பக்கம் மலையில் ஒரு காபி எஸ்டேட்டில் நிழலுக்குச் சில்வர் ஓக் கன்று வைக்கக் குழி வெட்டியபோது இவை கிடைத்தன.

இன்ஸ்பெக்டர் அவசரப்பட்டார். "ஆளு யாருன்னு தெரியும் மேடம். இந்த எஸ்டேட்டுல சரோஜான்னு ஒருத்தி, அவ புருஷனைக் காணாம நொம்ப நாளாச்சுங்க. அவனுக்கும் மச்சினனுக்கும் அடிதடி. மச்சினனைப் புடிச்சு வெச்சிருக்கேன். ஆம்பளைன்னு மட்டும் எழுதிக் குடுங்க, போதும்."

"எலும்பு என்ன சொல்லுதோ அதைத்தான் எழுதுவேன்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

சரோஜா சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். பிடித்து வைத்திருந்த மச்சினன் அவளுடைய தம்பி. எலும்பு புருஷனுடையது என்றால் தம்பிக்குக் கொலை கேஸ். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காபி காயப்போடும் களத்தில் தார்ப்பாய் விரித்து எலும்புகளை அடுக்கினேன். நல்லகாலம், பெல்விஸ் என்கிற இடுப்பெலும்பு உடையாமல் இருந்தது. அதன் பின்பக்கத்தில் சயாட்டிக் நாட்ச் என்று ஒரு வளைவு உண்டு. அதில் கட்டைவிரலை வைத்துப் பார்ப்போம். ஆணென்றால் இறுக்கமாக இருக்கும், பெண்ணென்றால் விரல் தாராளமாக ஆடும். ஆடியது. மற்ற அடையாளங்களும் அதையே சொல்லின.

"இது பொம்பளை" என்றேன்.

சரோஜா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப எந் தம்பிய உட்ருவாங்களாங்க?"

"விட்டுத்தான் ஆகணும்."

அவள் அழுதாள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அப்படியானால் இது யார்? பெண்ணைக் காணோம் என்று ஸ்டேஷனில் ஒரு புகாரும் இல்லை. ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரியைக் கேட்டேன். "நம்ம எஸ்டேட்டுல பொம்பளையாளு யாரும் காணாமப் போகலீங்க" என்றார், சத்தியம் செய்யாத குறையாக.

களத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். திரும்பி வந்து மறுபடி எலும்புகளைப் பார்த்தேன். இடது முன்கையின் ரேடியஸ் எலும்பு எப்போதோ மணிக்கட்டருகே முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. "கை இப்படித் திரும்பியிருக்கும்" என்று இன்ஸ்பெக்டரிடம் என் கையை வளைத்துக் காட்டினேன்.

சரோஜா எழுந்து வந்தாள். "ஏனுங்கம்மா, அதை இன்னொருக்காக் காட்டுங்க."

காட்டினேன்.

"பழனியம்மாக்கா கையாட்டவே இருக்குதுங்க. எம் பக்கத்து வரிசையிலதான் காபிப் பழம் பறிக்கும். ஆனா அது நின்னுருச்சுங்களே."

"நின்னுருச்சுன்னா?"

"வேலைய உட்டு நின்னுருச்சுங்க. தொடர்ந்து வரலைன்னா மேஸ்திரி 'அவ நின்னுட்டா'ன்னு சொல்லிருவாரு. ஊருக்குப் போயிருக்கும்னு நாங்களும் உட்டுட்டோம்."

மேஸ்திரி பொய் சொல்லியிருக்கவில்லை. அவர் கணக்கில் காணாமல் போவது வேறு, நிற்பது வேறு. தேட ஆள் இருந்தால்தான் காணாமல் போனதாகப் பேர்.

ஒரு கையை வைத்து மட்டும் பேரைச் சொல்லிவிட முடியாது. வயது, உயரம், விழுந்த முன்பல் எல்லாம் விசாரித்தோம், பொருந்தின. பழனியம்மாவின் சொந்த ஊருக்கு ஆள் அனுப்பினார்கள். அவள் அங்கே போய்ச் சேரவே இல்லை. எஸ்டேட்டில் வேலையாக இருக்கிறாள் என்று ஊரில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். சரோஜாவின் தம்பியை விட்டார்கள். பழனியம்மா எப்படி இறந்தாள் என்பதற்கு எலும்பில் தடயம் இல்லை. தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கும் அது மனசை அறுக்கிறது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். யாரைக் காணோம் என்று போலீஸ் சொல்லும், கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் வேலையாட்களிடம் போய், யார் நின்னுட்டாங்க என்று கேளுங்கள். நான் கேட்ட எந்த எஸ்டேட்டிலும் ஒரு பேராவது சொல்லாமல் இருந்ததில்லை.