கொழும்புக்குச் சீட்டாடப் போனோம்

வெள்ளிக்கிழமை காலை 9.40. காளவாசல் சிக்னலில் ஆட்டோ நின்றது நின்றபடி இருந்தது. விமான நிலையத்துக்கு ஐந்நூறு ரூபாய் பேசியிருந்தேன். டிரைவர் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

“எந்த ஊருக்குண்ணே?”

“கொழும்பு.”

“சாமான் எடுக்கவா?”

“சீட்டாட.”

பச்சை விழுந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் பஸ்காரன் ஹாரனை அலறவிட்டான். “அக்காவையும் கூட்டிக்கிட்டா?” என்றார்.

“நான்தான் அவரக் கூட்டிட்டுப் போறேன். வண்டிய எடுங்க” என்றாள் பரமேஸ்வரி. என் மனைவி.

நான் காளவாசலில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். ஆறு வருடமாகப் போக்கர் ஆடுகிறேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. நம்பிக்கை இருந்தால் காசுக்குப் பதிலாகக் கொடுக்கும் வில்லைகளைப் போடலாம், இல்லாவிட்டால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கலாம். அவ்வளவுதான். போனில் ஆடினேன், அந்த ஆட்டத்தை அரசாங்கம் மூடிவிட்டது. லாட்ஜில் ஆடினால் போலீஸ் வரும். சீட்டுக் கட்டோடு ஒரு மேசையில் ஒளியாமல் உட்கார ஒருவன் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது.

பரமேஸ்வரிக்கு எரிந்தது வேறு விஷயத்தில். விளக்குத்தூண் பக்கம் ஒரு புடவைக் கடையில் பதினோரு வருடமாக நின்று விற்கிறாள். வீட்டுக்கு வந்தால் நான் போனைப் பார்த்துக்கொண்டு காலாட்டிக்கொண்டிருப்பேன். ஒருநாள் முடிவாகச் சொன்னாள். “ஒரு தடவ போங்க. மொத நாள் ஆட்டம் முடியுற வரைக்கும் மேசைல இருந்தீகன்னா நான் அப்புறம் வாயத் தெறக்கல. நடுவுல தூக்கிட்டாங்கன்னா அதோட சீட்டத் தொடக்கூடாது. நானும் வாரேன். நீங்க வந்து சொல்றத நம்ப மாட்டேன்.”

பட்டறைச் சாவி மேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

பகல் 12.50-க்கு விமானம். மேலே போய், கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் இறக்கிவிட்டார்கள். மதுரையிலிருந்து தேனிக்குப் போகும் பஸ் நேரம்கூட ஆகவில்லை. கொழும்பு விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு முப்பத்து நான்கு கிலோமீட்டர். டாக்சி ஏழாயிரம் இலங்கை ரூபாய், நம் காசுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். டிரைவர் தமிழர்.

“இந்தியாவில சீட்டு இல்லையா?” என்று கேட்டார்.

“இருக்கு. ஆட விடமாட்டான்.”

“இங்க விடுவினம். காசுதான் போகும்” என்றார். அந்த ஆளின் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை பகல் 12 மணி. கடலைப் பார்த்த பெரிய ஓட்டலின் இரண்டாம் மாடி. ஜன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது, குளிர் எலும்பைப் பிடித்தது. நுழைவுக் கட்டணம் ஒரு லட்சம் இலங்கை ரூபாய். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பட்டறை திறந்து சேர்த்த பணம். மேசைக்கு ஒன்பது பேர், ஆளுக்கு இருபதாயிரம் புள்ளிக்கு வில்லை, அது தீர்ந்தால் எழுந்து போக வேண்டியதுதான். இரவு பத்து மணி வரை ஆட்டம். மேசைகளைச் சுற்றிச் சிவப்புக் கயிறு. அதற்குப் பின்னால் நின்று யாரும் பார்க்கலாம். பரமேஸ்வரி என் முதுகுக்கு நேராக நின்றாள். கடையில் நிற்பதுபோலவே கையைக் கட்டிக்கொண்டு.

பத்து ஆட்டத்தில் எட்டைக் கவிழ்த்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டும். எனக்குச் சும்மா உட்கார வராது. வில்லைகளை அடுக்கினேன், கலைத்தேன், அடுக்கினேன். எதிரில் பச்சைச் சட்டை போட்ட ஒரு தடியன் டீக் கோப்பையோடு உட்கார்ந்து எல்லோரையும் நக்கலடித்துக்கொண்டிருந்தான்.

மணி 2.50. எனக்கு இரண்டு ராணி. பச்சைச் சட்டை தன் வில்லை முழுவதையும் நடுவே தள்ளினான். நானும் தள்ளக் கையைக் கொண்டுபோனேன்.

“வேணாங்க. கவுத்துருங்க. அவன் வாங்குற ஆளு” என்றாள் பின்னாலிருந்து.

நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நாலு பேர் ஆடினால் எட்டுப் பேர் பின்னால் நிற்பார்கள். அதை எறக்கு, இதை வச்சுக்க என்று சொல்லாவிட்டால்தான் அவனுக்கு என்ன கோபம் என்று கேட்போம். அவள் அந்தப் பழக்கத்தில் சொன்னாள். இங்கே சீட்டுப் போடும் பையன் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்திவிட்டான். கண்காணிப்பாளர் வந்தாள், இருபத்தைந்து வயதுப் பெண். உங்கள் பின்னால் நிற்பவர் என்ன சொன்னார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள் என்று சொல்லியிருக்கலாம். மேசையில் யாருக்கும் தமிழ் தெரியாது. கவிழ்க்கச் சொன்னாள் என்று உள்ளதைச் சொன்னேன்.

தீர்ப்பு உடனே வந்தது. அந்த ஒரு ஆட்டத்தில் என் சீட்டு செல்லாது. ஒரு சுற்று முடியும்வரை நான் மேசையை விட்டு எழுந்து நிற்க வேண்டும். பரமேஸ்வரி வெளியே போக வேண்டும்.

பச்சைச் சட்டை சிரித்துக்கொண்டே தன் சீட்டைத் திருப்பிப் போட்டான். இரண்டு ராஜா. நான் தள்ளியிருந்தால் அப்போதே எழுந்து போயிருப்பேன்.

வராந்தாவில் அவளைப் பிடித்தேன். “வேணும்னே பண்ணியா?”

“வேணும்னே பண்ணியிருந்தா போடுங்கன்னு சொல்லியிருப்பேன். இந்நேரம் பெட்டியக் கட்டியிருக்கலாம்.”

“அவன்ட்ட பெரிய சீட்டு இருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?”

“கையில சரக்கு இருந்தா அவன் டீய எடுத்து நிதானமாக் குடிக்கிறான். இல்லேன்னா கப்பையே தொடமாட்டான். எம்புட்டு நேரமாப் பாக்குறேன். கடையில வாங்குற பொம்பளையும் அப்படித்தான். கடைசி நிமிசம் பொடவயப் பாக்காது, கெளம்புற மாதிரி நிதானமாச் செருப்பத் தேடும்.” பையைத் தோளில் போட்டாள். “எனக்குப் பசிக்குது. கடற்கரைக்குப் போறேன்.”

நின்றுகொண்டிருந்தபோது அலங்காநல்லூரிலிருந்து ஒரு சம்சாரி போன் செய்தார். “அண்ணே, கெணத்து மோட்டாரு எரிஞ்சுபோச்சு. கட பூட்டிக் கெடக்கு. எங்க இருக்கீக?”

“கொழும்புல.”

“வர எம்புட்டு நேரமாகும்?”

போனை வைத்துவிட்டேன்.

அடுத்த இரண்டு மணி நேரம் நான் என் வாழ்நாளில் ஆடியதிலேயே நல்ல ஆட்டம். கோப்பையைத்தான் பார்த்தேன். அவன் டீயைத் தொடாதபோது இரண்டு முறை வில்லையைக் குவித்து அடித்தேன், இரண்டு முறையும் கவிழ்த்துவிட்டு ஓடினான். என்னிடம் முப்பத்து நாலாயிரம் சேர்ந்தது. பத்து மணி வரை இப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

மணி 5.20. எனக்கு இரண்டு பத்து. பச்சைச் சட்டைக்காரன் மறுபடி வில்லை முழுவதையும் தள்ளினான். அவனிடம் என்னைவிடக் கொஞ்சம் அதிகம் இருந்தது. தள்ளிவிட்டுக் கோப்பையை எடுத்து, ஊதி, ஒரு வாய் குடித்தான். தெரிந்துபோயிற்று. கவிழ்க்கச் சீட்டைத் தூக்கிவிட்டேன்.

அப்போது அவன் ஆங்கிலத்தில், எனக்குப் புரிய வேண்டுமென்று மெதுவாகவே, “வெளியே போய் மனைவியிடம் கேட்டுவிட்டு வருகிறீர்களா?” என்றான். மேசை முழுதும் சிரித்தது. சீட்டுப் போடும் பையனும் சிரித்தான்.

மொத்தத்தையும் தள்ளினேன்.

அவனிடம் இரண்டு ஏஸ். நடுவில் விழுந்த ஐந்தும் எனக்கு உதவவில்லை. இடத்தை விட்டு எழுந்தேன். கெட்ட சீட்டு வந்து தோற்றேன் என்று ஊரில் சொல்லலாம். பொய். கோப்பையை அவன் எடுத்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் தள்ளினேன்.

ஓட்டலுக்கு வெளியே கடற்கரை, காலிமுகத்திடலில் காற்று ஆளைத் தள்ளியது. பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். பரமேஸ்வரி கடலைப் பார்த்துச் சுவரில் உட்கார்ந்து, தாளில் வைத்து இறால் வடை தின்றுகொண்டிருந்தாள். ஒரு தாள் நானூறு ரூபாய் என்றாள், கொள்ளை. என் முகத்தைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

“டீ குடிச்சானா?”

“குடிச்சான்.”

“பாத்தீகளா?”

“பாத்தேன்.”

“பெறகு?”

அவன் சொன்னதைச் சொன்னேன். வடையைப் பாதியாகப் பிய்த்து என் கையில் வைத்தாள். “கேட்டுட்டு வாரேன்னு எந்திரிச்சு வந்திருக்கலாம்ல?” என்றாள். “அதுல என்ன கொறஞ்சுபோச்சு?”

ஞாயிற்றுக்கிழமை பகலில் திரும்பும் விமானம். கடல் முடிந்து தண்ணீரில்லாத கண்மாய்களும் கருவேலங்காடும் தெரியத் தொடங்கின. சத்தியம் செய்த சாவி என் சட்டைப் பையில் குத்திக்கொண்டிருந்தது. காலை ஆட்டினேன். அவள் முழங்காலில் கைவைத்து நிறுத்தினாள்.

“ரெண்டு ஜோடி பெருசா, ஒரே மாதிரி மூணு பெருசா?”

“மூணு. எதுக்கு?”

“அஞ்சும் வரிசையா வந்தா?”

“அது இன்னும் பெருசு. எதுக்குக் கேக்குற?”

“சீட்டத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுனது நீங்க. நான் பண்ணலையே.”

விமானம் இறங்கத் தொடங்கியது. அவள் கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சீட்டு மேசையிலும் பகல் முழுக்க அப்படியே உட்காருவாள், எனக்குத் தெரியும். கயிற்றுக்குப் பின்னால் பத்து மணி நேரம் வாயைத் திறக்காமல் நிற்க என்னால் முடியாது, அதைச் சொன்னேன்.

“ஒங்கள யாரு உள்ள வரச் சொன்னா? கடற்கரையில வட தின்னுக்கிட்டு இருங்க” என்றாள்.