ஜான் பீயின் பதினாலு கிலோ

தருமபுரியில் பெரிய கல்யாணச் சமையல் என்றால் அப்போதெல்லாம் ஆண்கள்தான். தேக்சா என்கிற பெரிய பாத்திரத்தைத் தூக்கி இறக்க நாலு ஆள், கரண்டி போட ஒரு ஆள், எல்லாரையும் அதட்ட ஒரு தலைமைச் சமையல்காரர். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பெண்ணும் நின்றாள் என்றால் அது ஜான் பீ. பிரியாணிக்கு அவள் தம் போட்டால் அடி பிடிக்காது என்று ஊரில் பேச்சு. கணவர் முகம்மது கவுஸ் சந்தை சந்தையாகப் போய் லுங்கியும் துண்டும் விற்கிறவர். மனைவி சமைக்கப் போவதைப் பற்றி யாராவது குத்தலாகக் கேட்டால், "போன கல்யாணத்துல நீங்க எத்தனை தடவை வாங்கிச் சாப்பிட்டீங்க?" என்று திருப்பிக் கேட்பார். அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள்.

எண்பத்தாறாம் வருஷம் ஒரு கல்யாண வீட்டில் அரிசி வடித்துக்கொண்டிருந்தபோது அவள் வயிற்றில் சுருக்கென்று வலித்தது. தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு ஏற்கெனவே இருந்தது. படுத்தால் உள்ளே போய்விடும் என்பதால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று அது உள்ளே போகவில்லை. கூட வேலை செய்கிற பாஞ்சாலி பயந்துபோய் அவளைக் குதிரை வண்டியில் ஏற்றி லேடி டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

டாக்டர் அழுத்தித் தள்ளிப் புடைப்பை உள்ளே அனுப்பிவிட்டு, குடலிறக்கம், ஆபரேஷன் செய்துதான் ஆகவேண்டும் என்றார். ஆனால் உடனே முடியாது. எடை எண்பத்துநாலு கிலோ. இந்த உடம்பில் தையல் போட்டால் நிற்காது, எழுபதுக்கு வந்தால் செய்யலாம். அதுவரை பாரம் தூக்கக் கூடாது. கையில் ஒரு தாளும் கொடுத்தார். இட்லிக்கு இத்தனை கலோரி, சப்பாத்திக்கு இத்தனை, ஒரு கப் சோற்றுக்கு இத்தனை என்று அச்சடித்திருந்தது. ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறைத் தாண்டக் கூடாது.

ஜான் பீக்குப் படிக்கத் தெரியாது. பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்த மகள் ஷகிலாதான் படித்துச் சொன்னாள். ஐந்நூறு பேருக்குக் கறியும் அரிசியும் கண்ணாலேயே அளக்கிற ஜான் பீ, தன் ஒரு வாய்க்கு அளவு போடுவதென்றால் திணறிப்போனாள். ஆனாலும் செய்தாள். சோற்றுக்கு ஒரு கிண்ணம் ஒதுக்கினாள். அதை மீறி ஒரு பருக்கை எடுக்கவில்லை. கல்யாண வீட்டில் உப்புப் பார்க்கிற வேலையைப் பாஞ்சாலிக்குக் கொடுத்தாள். அதுதான் அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. தன் கையால் செய்ததைத் தன் நாக்கில் வைக்காமல் ஊருக்குப் போடுவதா என்று முதல் கல்யாணத்தில் பாஞ்சாலியை மூன்று தடவை உப்புப் பார்க்க வைத்தாள். விடியற்காலையில் தொழுகை முடித்து ராமக்காள் ஏரிக்கரையில் போய்வர நடந்தாள்.

இரண்டு மாதம் கழித்து டாக்டரிடம் போனாள். எடைக் கருவியின் முள் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றது.

"சமைக்கிற எடத்துல கொஞ்சம் எடுத்து வாயில போட்டுக்கறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஜான் பீக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த வாரக் கல்யாணத்துக்கு ஷகிலாவும் கூடப் போனாள். அம்மா எதையும் வாயில் போடவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தாள். கூடவே வேறொன்றையும் பார்த்தாள். கல்யாண வீட்டார் போகும்போதும் வரும்போதும் அம்மா கையில் டீ கிளாஸைத் திணித்துக்கொண்டே இருந்தார்கள். பால் கெட்டியாக, சர்க்கரை தூக்கலாக. மறுத்தால் மரியாதை இல்லை என்று அம்மாவும் வாங்கி வாங்கிக் குடித்தாள்.

"டீயும் கணக்குதாம்மா," என்றாள் ஷகிலா.

"டீ என்ன சாப்பாடா?"

தாளைப் பார்த்துப் பாலுக்கும் சர்க்கரைக்கும் கூட்டிச் சொன்னதும் ஜான் பீ அன்று குடித்த கிளாஸ்களை விரல்விட்டு எண்ணினாள். அப்புறம் வெகுநேரம் சிரித்தாள். மறுநாளிலிருந்து இரண்டே டீ, சர்க்கரை இல்லாமல். கேட்கிறவர்களிடம் டாக்டர் உத்தரவு என்று சொன்னாள்.

அதற்குப்பின் எடை இறங்கியது. பண்டிகை மாதிரி இருந்தது வீட்டில். சந்தைக்குப் போகிற கணவரோடு பஸ் ஸ்டாண்டு வரை போய், அங்கிருந்த காசு போடுகிற எடை மிஷினில் வாராவாரம் ஏறி நின்றாள். எண்பது வந்தது. எழுபத்தெட்டு வந்தது. அங்கே நின்றுவிட்டது.

இந்தத் தடவை தப்பு எங்கேயும் இல்லை. ஷகிலா துருவித் துருவிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. டாக்டர் இப்போது சந்தேகப்படவில்லை. உடம்பு சில நேரம் அப்படித்தான் அடம் பிடிக்கும், விடாமல் செய்யுங்கள் என்றார். அதற்குள் வருஷம் திரும்பி ரம்ஜான் வந்தது. வெயிலான வெயில். நோன்பு வைத்துக்கொண்டு, திறக்கும்போது கஞ்சியையும் அதே கிண்ணத்தில் அளந்து குடித்தாள். பக்கத்து வீடுகளிலிருந்து வந்த வடையையும் சமோசாவையும் தொடவில்லை. மாதம் முழுக்க இப்படி இருந்துவிட்டுப் பெருநாள் கழித்து மிஷினில் ஏறினாள். மிஷின் துப்பிய அட்டையில் ஒரு கிலோ கூடியிருந்தது. அட்டையின் பின்பக்கம், தங்கள் எண்ணம் விரைவில் ஈடேறும் என்று அச்சடித்திருப்பதாகக் கவுஸ் படித்துச் சொன்னார். அதை வாங்கி நாலாகக் கிழித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முந்தானையை இடுப்பில் செருகினாள். கறி வாங்கிவரச் சொல்லி, ஒரு படி அரிசிக்குப் பிரியாணி செய்தாள். எல்லாருக்கும் போட்டாள். தனக்கும் ஒரு தட்டு நிறையப் போட்டு உட்கார்ந்து, நிதானமாக, கடைசி எலும்பு வரை சாப்பிட்டாள். ஷகிலா வாயைத் திறக்கப் போனபோது கவுஸ் கண்ணால் தடுத்தார். இனி அந்தத் தாளும் கிண்ணமும் அவ்வளவுதான் என்றே இருவரும் நினைத்தார்கள்.

மறுநாள் விடிந்தபோது ஜான் பீ வீட்டில் இல்லை. ஏரிக்கரைக்கு நடக்கப் போயிருந்தாள். திரும்பிவந்து கிண்ணத்தைக் கழுவி, அளந்து போட்டுக்கொண்டாள். அழுகை இல்லை, சபதமும் இல்லை. ஒன்றை மட்டும் மாற்றினாள். பஸ் ஸ்டாண்டு மிஷினில் ஏறுவதை விட்டுவிட்டாள். டாக்டர் கூப்பிடும்போது மட்டும் எடை பார்ப்பது, மற்ற நாளில் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை என்று வைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் போய்க் குளிர் வந்தபோது எழுபத்துநாலு. டாக்டர் வயிற்றைச் சோதித்துவிட்டு இன்னும் நாலு கிலோ இருக்கிறதே என்று யோசித்தார். ஜான் பீ கெஞ்சவில்லை.

"அது வர்றப்ப வரட்டுங்க டாக்டரம்மா. நான் அளந்து சாப்பிடறத நிறுத்தப் போறதில்ல. நீங்க எப்ப சொல்றீங்களோ அப்ப வரேன்."

டாக்டர் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்து, பத்துக் கிலோ இறங்கியதே தையலுக்குப் போதும் என்றார். பிறகு தேதி குறித்தார். தையல் நன்றாகவே நின்றது. எழுபதுக்கு அவள் வரவே இல்லை. எழுபத்திரண்டு, எழுபத்துமூன்று என்றே காலத்தை ஓட்டினாள்.

அதன்பிறகு எடை குறையவில்லை என்று கண்ணைக் கசக்குகிறவர்களை அந்த டாக்டர் ஜான் பீ வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார். அப்படி வந்தவர்களில் ஏரியூர் நஞ்சம்மாள் ஒருத்தி. சர்க்கரை வியாதிக்காரி. ஒரு மாதமாகக் களி உருண்டையைப் பாதியாக்கியும் ஒரு கிலோகூடக் குறையவில்லை, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாமான்னு கோவமா வருது என்று அழுதுகொண்டே பொருமித் தீர்த்தாள். ஜான் பீ குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள்.

"கோவம் வருங்க. எனக்கும் வந்துது. இப்பவும் வருது," என்றாள். "வந்தா வரட்டும். கோவத்தோடயே அடுத்த வேளைச் சோத்தை அளந்து போட்டுக்குங்க. அதுக்கு மேல எனக்கும் ஒண்ணும் தெரியாதுங்க."

நஞ்சம்மாளுக்கு அதற்கப்புறம் அழுகை வரவில்லை. கொண்டுவந்திருந்த தூக்குவாளியைத் திறந்து, அங்கேயே உட்கார்ந்து பாதிக் களியைச் சாப்பிட்டு, மீதியை மூடிவைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். ஜான் பீ வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, மறுநாள் கல்யாணத்துக்கு வெங்காயம் உரிக்கப் பாஞ்சாலியோடு போய் உட்கார்ந்தாள்.