தம்பியின் முழங்கால்

என் தம்பியின் கிணற்றை வற்றவைத்தவன் நான்தான். மழை பொய்க்கவில்லை, விதி சதி செய்யவில்லை, மலைமேல் நிற்கிற பெருமாளும் சபிக்கவில்லை... நான்!

ஊரில் என்னைக் கோமாளி என்பார்கள். சாவு வீட்டுக்கு நான் போனால்கூட நாலு பேர் சிரித்துவிடுவார்கள். இதை உங்களிடம் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

வெதுருகுப்பத்துப் பக்கம், எங்களைப் பெற்ற நைனாவுக்குச் சர்க்கார் கொடுத்த நிலம். தலைமுறையாகப் பிறத்தியார் கழனியில் குனிந்தவர்களுக்குக் கிடைத்த முதல் மண். நைனா போனபின் வடக்குப் பாதி எனக்கு. கிணறு இருந்த தெற்குப் பாதி தம்பி முனிரத்தினத்துக்கு. தன் நெல்லுக்குப் பாய்ச்சியது போக மிச்சத்தை என் வேர்க்கடலைக்குத் திருப்பிவிடுவான். கேட்காமலே!

எனக்குத்தான் போதவில்லை. சித்தூரைச் சுற்றி மாங்கூழ் ஆலைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். நம் மாம்பழம் கப்பலேறுகிறது என்றார்கள். தோப்பு வைத்தவனெல்லாம் மாடி கட்டினான். நான் மட்டும் தரையிலேயே படுப்பதா?

நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்தேன். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நிலம் முழுக்க நடந்தார். தம்பியின் வரப்போரம் வந்ததும் காய் எழுந்து நின்றது.

"இங்க வேணாம்பா. இது உன் தம்பி கெணத்துக்குப் போற ஊத்து" என்றார்.

"காயி நின்னுச்சா இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

"நின்னுச்சி."

"அப்போ தேங்காயே ஒத்துக்கினுச்சி. உனக்கு இன்னா வந்துச்சி?"

பார்த்தீர்களா... அங்கேயும் ஒரு நகைச்சுவை!

தம்பி குடும்பத்தோடு திருமலைக்குப் போயிருந்த சமயம் பார்த்துத் திருச்செங்கோட்டு போர்வெல் லாரியை அதே இடத்தில் இறக்கினேன். தண்ணீர் பீறிட்டது. மொட்டைத்தலையோடு திரும்பியவன் நேராக என்னிடம்தான் ஓடிவந்தான். "ண்ணா, தண்ணி பட்டுச்சாமே!" என்று லட்டைப் பிட்டு என் வாயில் திணித்தான்.

தின்றேன்.

அடுத்த கோடையில் அவன் கிணற்றில் சேறுதான் மிஞ்சியது. நெல் பதராயிற்று. ஊருக்குச் சந்தேகம் இருந்தது, அவனுக்கு இல்லை. நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, திருப்பதியில் ஒரு லாட்ஜில் அறை கூட்டப் போனான். பஸ் ஏறும்போது காரணமும் அவனே சொன்னான்.

"நடந்து மலையேறுறன்னு வேண்டிக்கினு இருந்தன் ண்ணா. கொயந்தைக்கு ஜொரம்னு பஸ்லயே பூட்டன். சாமி கெணத்த எத்துக்கினாரு."

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன்... "ஆமாண்டா, சாமி குத்தம்தான்" என்றேன்!

அன்றிலிருந்து ஆண்டுதோறும் மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து நடக்கிறான். மேலே முழங்கால் படிகள் என்று ஓர் இடம் உண்டு. அங்கே மண்டியிட்டே ஏறுகிறான். மூட்டு தேய்ந்துவிட்டது. லாட்ஜில் குனிந்து பெருக்கினால் நிமிர்வதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நானோ? தோப்பு காய்த்தது. மாடி வந்தது, கார் வந்தது, மகன் அமெரிக்கா போனான். சம்பத்து வந்த மனுஷன் என்று ஊர் கும்பிடுகிறது. அந்தச் சம்பத்து கட்டிலில் உறங்காமல் புரண்டுகொண்டிருக்கிறது. போனில் தம்பி பெயர் தெரிந்தால் போதும், நெஞ்சு படபடக்கும். மாரடைப்பென்று அலறிக்கொண்டு சித்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். ஒருமுறை காலில் மனைவியின் செருப்பு! இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்புகிறார்.

கூடப் பிறந்தவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு கவளம் சோறு தின்ன முடிகிறதே... அதற்கு என்ன பெயர்? அதுதான் சம்பத்து என்றால், எங்கள் இருவரிடமும் அது முன்பு வேண்டிய மட்டும் இருந்ததே!

சென்ற மாதம் அவனை என் காரில் அலிபிரிக்கு அழைத்துப் போனேன். "போதும்டா. மூட்டு பூடும். சாமி எப்பவோ மன்னிச்சிருப்பாரு" என்றேன். அக்கறை போலத்தான் கேட்டிருக்கும்.

"எனக்கோசரம் இல்ல ண்ணா" என்று சிரித்தான். "அது முடிஞ்சி பூடுச்சி. நீ தூங்கறதே இல்லன்னு அண்ணி அழுவுது. இந்த வாட்டி உனக்கோசரம் ஏறுறன்."

சொல்லியிருக்கலாம். கார்க் கதவு திறந்தேதான் இருந்தது. நாங்கள் இருவர் மட்டும்தான்...

"பாத்து ஏறு" என்றேன்.

அவன் குனிய முடியாமல் குனிந்து முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டான். பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். வண்டியை எடுத்துவிட்டேன்.