லிப்ட்காரரும் புதுப் பெட்டியும்

கைப்பேசியைக் கருவிப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, அதில் பேசிக்கொண்டிருக்கும் இளைஞனைப் பார்த்து லிப்ட்காரர் சொல்கிறார்: "போன தடவையும் இதையேதான்யா சொன்னே."

இளைஞனுக்கு அது கேட்காது, ஓடுவது காணொளி. அவன் எங்கோ ஓர் அறையில், ஊதா விளக்குக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, இன்னும் கடைக்கு வராத கேம் கன்சோலைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருக்கிறான். மைதானத்துப் புல் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடுமாம். ஆட்டக்காரன் நெற்றியில் வியர்வை உருள்வதுகூடத் தெரியுமாம். "எனக்குந்தான் உருளுது, பாக்க ஆளைக் காணோம்" என்றபடி லிப்ட்காரர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறார்.

இது கட்டடத்தின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறை. கீழே யாராவது பொத்தானை அமுக்கினால் இங்கே மோட்டார் விழித்துக்கொள்ளும். இளைஞனின் குரல் அதில் அமுங்கிப்போகும். அப்போதெல்லாம் லிப்ட்காரர் கரண்டியை வாய்க்கு அருகிலேயே நிறுத்திவிட்டு மோட்டாரைக் கவனிக்கிறார். அது அடங்கியதும், "பிரேக் கொஞ்சம் சோம்பேறித்தனம் பண்ணுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி சாப்பிடுகிறார்.

லிப்ட் பழுது பார்க்கிறவர், ஐம்பதைத் தாண்டியவர். தாழ்ந்த கதவுகளுக்குள் குனிந்து குனிந்து, நிமிர்ந்து நிற்கும்போதும் கழுத்து முன்னால் வந்தே இருக்கிறது. வலது கட்டைவிரலில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி. பார்ப்பவர்கள் ஸ்பானர் பட்ட காயம் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது வீட்டில் கேம் ஆடும் கன்ட்ரோலரைப் பிடித்துப் பிடித்து வந்த வலி. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவிதான் அந்தப் பிளாஸ்திரியையும் வாங்கி வருகிறார். வாங்கி வரும்போது ஒன்றும் சொல்வதில்லை. ஒட்டிவிடும்போது மட்டும், "தொழில்ல பட்ட அடின்னு வெளிய சொல்லிக்குங்க, மானமாவது மிஞ்சும்" என்பார்.

வேலை நேரம் முடிந்தால் அவர் எந்த லிப்டிலும் ஏறமாட்டார். தன் வீட்டுக்கும் படியேறித்தான் போவார். முட்டி முனகும். பாதி வழியில் நின்று சாவியைத் தேடுவதுபோலச் சட்டைப் பைகளைத் தட்டிப் பார்ப்பார். யாராவது எதிரே வந்தால், "நாள் பூரா அதோட மல்லுக்கட்டுறேன், வீட்டுக்கு வரப்பவுமா?" என்று சிரித்துவிட்டு மேலே போவார்.

வீட்டில் தொலைக்காட்சிக்குக் கீழே இருக்கும் அலமாரியில் கன்சோல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. அடியில் இருப்பதுதான் மிகப் பழசு. ஒவ்வொன்று வந்தபோதும் முதல் ஆளாகப் போய் நின்று வாங்கியவர்தான் அவர். ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ரொட்டி சுடலாம் போலக் கொதித்தது. இன்னொன்றை வாங்கி வந்து வைத்தார். அதில் ஆட வேண்டிய ஆட்டம் வருவதற்குள் உத்தரவாதக் காலமே முடிந்துவிட்டது. அதற்கப்புறம்தான் அவர் வாயில் ஆர்வம் நின்றுபோய் நக்கல் குடியேறியது. ஆனாலும் மதியச் சாப்பாட்டின்போது ஒரு காணொளியைக்கூட விடுவதில்லை. நம்பிக்கை போன பிறகும் பழக்கம் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

லிப்ட்காரர் வேலை பார்க்கும் கட்டடத்திலேயே வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் இந்த விஷயத்தில் நேர் எதிர். அவருக்கு முப்பது வயது. புதுப் பெட்டியை முன்பதிவு செய்த அன்று ஏணியின் மேல் நின்றுகொண்டே லிப்ட்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அண்ணே, புக் பண்ணிட்டேன். வீட்டுல இன்னும் சொல்லல."

"எதுக்கு வாங்குறே?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? வேகம் ரெண்டு மடங்காம்."

"வீட்டுக்குப் போறதே ஏழு மணிக்கு. அதுக்கப்புறம் வேகமா ஆடி என்ன பண்ணப் போறே?"

"நீங்க வாங்கலியா?"

"இவனுங்களுக்கு இதே பொழைப்பு" என்று சொல்லிவிட்டு லிப்ட்காரர், லிப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்ட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். அது பதில் இல்லை என்பது எலக்ட்ரீஷியனுக்குத் தெரிந்தது. மறுபடி கேட்கவில்லை.

உண்மையில் அந்தக் கேள்வி லிப்ட்காரரைச் சில வாரங்களாகவே அரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் அவருடைய அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லிப்ட்காரர் குளித்து, சட்டை மாற்றி, தலை வாரிக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் உட்காருவார். கால்பந்து ஆட்டத்தைப் போடுவார். சற்று நேரத்தில் திரையின் ஓரத்தில் 'பெரியவன்' என்ற பெயர் பச்சையாக எரியும். அது வேறு ஊரில் இருக்கும் அண்ணன். லிப்ட்காரரின் பெயர் அதில் 'மூணாவது மாடி'. ஏன் என்று கேட்டால், "எல்லா லிப்ட்டும் அங்கதான் நின்னு தொலையுது" என்பார். இருவரும் ஒரே அணியாகச் சேர்ந்து, முன்பின் தெரியாத யாருடனாவது ஆடுவார்கள். அண்ணன் பின்வரிசையில் நின்று தடுப்பார். தம்பி முன்னால் ஓடுவார். சின்ன வயதில் தெருவில் ஆடியபோதும் அப்படித்தான், அண்ணனுக்கு அப்போதே ஒரு முட்டி சரியில்லை.

ஆடுவார்களே தவிர, பேசுவதில்லை. பேசி வருடங்கள் ஆகிவிட்டன.

அம்மா அண்ணன் வீட்டில்தான் இருந்தார். ஒரு நாள் இரவு உடம்பு முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சேதி சொன்னால் தம்பி பதறியடித்துக்கொண்டு இருட்டில் வண்டியை ஓட்டி வந்துவிடுவான், வழியில் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிடக்கூடாது என்று பயந்து, காலையில் சொல்லிக்கொள்ளலாம் என அண்ணன் விட்டுவிட்டார். அம்மா அந்தக் காலையைப் பார்க்கவில்லை. லிப்ட்காரர் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் நிற்க இடமில்லாத கூட்டம். அத்தனை பேர் முன்னால் அண்ணனைப் பார்த்து, "ஊருக்கெல்லாம் காட்டி முடிச்சுட்டு இப்ப எனக்குக் காட்டுறியா?" என்று கேட்டார். அதோடு நின்றதுதான் பேச்சு.

எத்தனையோ மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை திரையில் ஓர் அழைப்பு வந்தது. 'பெரியவன் உங்களுடன் ஆட விரும்புகிறார்.' லிப்ட்காரர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அழைப்பு இன்னும் இருந்தது. ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. அந்த ஆட்டத்தில் பேச்சுக்குப் பதிலாக அனுப்ப நாலைந்து வாசகங்கள் தயாராக இருக்கும். 'நல்ல பாஸ்', 'நல்ல ஆட்டம்', 'மன்னிக்கவும்', 'இன்னொரு ஆட்டம்?' அண்ணன் தம்பி உறவு அந்த வாசகங்களுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் ஒரு நாள் ஆட்டத்தைப் போட்டதும் அறிவிப்பு ஒன்று வந்தது. புதுக் கன்சோல் வெளியாவதை ஒட்டி, பழைய கன்சோலில் இணையம் வழியாகச் சேர்ந்து ஆடும் வசதி அடுத்த மாதத்தோடு நிறுத்தப்படும். தொடர்ந்து ஆட விரும்புவோர் புதிய கன்சோலுக்கு மாறிக்கொள்ளலாம். அண்ணனுக்கும் அதே அறிவிப்பு வந்திருக்க வேண்டும். அன்றைக்கு ஆட்டம் சவசவவென்று போனது. யாரும் கோல் போடவில்லை, வாங்கவும் இல்லை. விசில் அடித்த பிறகு அண்ணனின் ஆட்டக்காரன் வெளியே போகாமல் நடுமைதானத்தில் நின்றுகொண்டிருந்தான். பிறகு திரையில் அவரிடமிருந்து ஒரு வாசகம் வந்தது.

'மன்னிக்கவும்.'

எதற்கு என்று லிப்ட்காரருக்கு விளங்கவில்லை. அண்ணன் அன்று ஒரு தப்பும் செய்யவில்லை. விரல் மாறிப் பட்டிருக்கலாம். பட்டிருக்காமலும் இருக்கலாம். கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பதிலை அமுக்குவது என்று பார்த்தார். இருந்த நாலைந்தில் எதுவும் பொருந்தவில்லை. அவர் யோசித்து முடிப்பதற்குள் பச்சை அணைந்துவிட்டது.

மறுநாள் மாலை மனைவியிடம் பேச்சுவாக்கில் சொல்வதுபோலச் சொன்னார்.

"புதுப் பெட்டி வாங்கினாத்தான் இனிமே ஆட முடியுமாம்."

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். "வாங்குங்களேன்."

"நான் வாங்கி, அவர் வாங்கலேன்னா?"

"கேட்டுப் பாருங்க."

"எப்படிக் கேக்குறது?"

"போன்ல அவர் நம்பர் இருக்கும். அமுக்கினா அந்தப் பக்கம் அடிக்கும்."

மனைவி ஒரு சட்டையை உதறி மடித்தார். குரல் உயரவே இல்லை. "ஒரு வார்த்தைல முடியிற விஷயம். அதுக்கு ரெண்டு வீட்டுலயும் ஒரு பெட்டி வேணுமாக்கும். எனக்கு அசதியா இருக்குங்க, உங்க ரெண்டு பேரையும் பாத்தா."

"எனக்கு மட்டும் என்னவாம்" என்றார் அவர். அது நிஜம். கோபத்தைச் சுமப்பதும் ஒரு வேலைதான். தினமும் படியேறுவதைப் போல அதுவும் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. ஆனால் எந்தப் படியில் இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் இருவரும் வழக்கம்போல ஆடினார்கள். 'நல்ல பாஸ்' வந்தது, 'நல்ல ஆட்டம்' போனது. புதுப் பெட்டியைப் பற்றி எந்த வாசகமும் கிடையாது. மதியங்களில் ஊதா விளக்கு இளைஞன் நாள் நெருங்குகிறது என்று கூத்தாடினான். லிப்ட்காரர் அவனைத் திட்டினார். எதைக் கேட்டாலும் குறை சொன்னார். விலை அதிகம் என்றார், வடிவம் அரிசி டின் மாதிரி இருக்கிறது என்றார், புல் ஆடினால் என்ன ஆடாவிட்டால் என்ன என்றார். "இவ்வளவு பேசுறவர் ஏண்ணே தினம் பாக்குறீங்க?" என்று எலக்ட்ரீஷியன் கேட்டதற்கு, "இவன் எவ்வளவு தூரம் புளுகுறான்னு பாக்குறேன்" என்றார்.

வெளியீட்டு நாளன்று காலையில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். என்ன வேலை என்று மனைவி கேட்கவில்லை. "பெரிய பையா எடுத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

கடையில் இரண்டு வரிசைகள். முன்பதிவு செய்தவர்களுக்கு ஒன்று. அவர்கள் கல்யாண வீட்டுக்கு வந்ததுபோலச் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். எலக்ட்ரீஷியன் அதில் முன்னால் நின்று கையசைத்தார். மிச்சமிருந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று வந்தவர்களுக்கு இன்னொன்று. அதில் லிப்ட்காரர் வேலைச் சட்டையோடு, கக்கத்தில் பையை இடுக்கிக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்றவர், "நல்லா இருக்கும்கிறீங்களா?" என்று கேட்டார். "இருக்காது" என்றார் லிப்ட்காரர். "அப்ப எதுக்கு நிக்கிறீங்க?" என்று அவர் கேட்கவில்லை. ஒருவேளை அவரும் அப்படித்தான் நின்றாரோ என்னவோ.

வரிசை நகர்ந்தது. கவுன்டருக்கு முன்னால் ஓர் ஆள்தான் பாக்கி. அப்போது சட்டைப் பையில் கைப்பேசி அடித்தது. எங்கேயோ எவரோ லிப்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்து, அலுப்போடு எடுத்தார். திரையில் அண்ணன் என்றிருந்தது. அந்தச் சொல் அந்தத் திரையில் வந்து எவ்வளவு காலமாயிற்று என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. கை தானாக அமுக்கிவிட்டது.

"டேய், எங்க இருக்கே?" குரலுக்கு வயதாகியிருந்தது.

"கடைல இருக்கேன்."

"நானும் கடைலதான். இங்க தீந்துபோச்சுன்னு கையை விரிச்சுட்டாங்கடா. அடுத்து எப்ப வரும்னு அவங்களுக்கே தெரியாதாம்." அண்ணன் கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீ பாட்டுக்கு வாங்கிட்டுப் போய், ஆள் இல்லாம உக்காந்திருப்பியேன்னுதான் அடிச்சேன். உடனே சொல்லிடணும்னு."

கடைசி வார்த்தையைச் சொன்னதும் அந்தப் பக்கம் பேச்சு நின்றது. கடையின் பாட்டுச் சத்தமும் யாரோ அட்டைப்பெட்டியைக் கிழிக்கிற சத்தமும் மட்டும் கேட்டன. இரண்டு கடைகளிலும் ஒரே பாட்டு ஓடியது.

"எவ்வளவு நேரமாண்ணே நிக்கிறே?" என்று கடைசியில் கேட்டார் லிப்ட்காரர்.

"காலைல வந்தது."

"அந்த முட்டியை வச்சுக்கிட்டா?"

"என்ன பண்றது."

"முதல்ல எங்கயாவது உக்காரு."

"கடைல எங்கடா உக்கார்றது?"

"பாரு, சுவரோரமா ஏதாவது கிடக்கும்."

அந்தப் பக்கம் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு நீண்ட ஒரு பெருமூச்சு. "ம். உக்காந்துட்டேன். சொல்லு."

"அடுத்து யாருங்க? வாங்க" என்று கவுன்டரில் இருந்த பெண் கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சில பெட்டிகள் பளபளவென்று இருந்தன. லிப்ட்காரர் பின்னால் நின்றவரின் தோளைத் தொட்டு, போங்கள் என்று கையைக் காட்டினார். வரிசையை விட்டு விலகி ஒரு தூணருகே போனார். காலிப் பையைத் தரையில் விரித்து அதன்மேல் உட்கார்ந்து, காலை நீட்டி, போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றிக்கொண்டார்.