கருவடிக்குப்பத்தில் இறங்கிய வீராயி

காலாப்பட்டு வீராயிக்குப் பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு தெருவே வாடிக்கை. பஸ் கூரைமேல் மீன் கூடையை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் கூடை காலி. புருஷன் போனபிறகு மூன்று பிள்ளைகளை அந்தத் தெருவை நம்பித்தான் ஆளாக்கினாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம் தெரு கலைய ஆரம்பித்தது. திண்டிவனம், செஞ்சிப் பக்கமிருந்து வேலை தேடி வந்தவர்கள் ஒண்டுக்குடித்தனங்களில் நெருக்கியடிக்க, வாடகை எகிறியது. பழைய ஆட்கள் கருவடிக்குப்பத்தில் மனை வாங்கி ஒவ்வொரு வீடாக நகர்ந்தார்கள். கடைசியில் வசந்தாவும் கிளம்பினாள். வாரத்தில் நாலு நாள் மீன் வாங்குகிற வீடு.

"அங்க அஞ்சலாட்சி கூடைய தூக்கிக்குனு சுத்துறாளாம்," என்றாள் வசந்தாவின் எதிர்வீட்டுக்காரி. "நீ இங்க உக்காந்து ஈ ஓட்டு."

போட்டிக்காரி பேரைக் கேட்டதும் வீராயிக்குச் சுருக்கென்றது. வசந்தா குடிபோகிற அன்றே போய் நின்றுவிட வேண்டும்.

"கருவடிக்குப்பத்துல நிறுத்து தம்பி."

"ஏன்க்கா, டவுன் கசந்துடுச்சா?" என்றான் கண்டக்டர்.

"டவுனே இங்க வந்துக்குனு இருக்குது. நீ கூடைய எறக்கு."

முந்திரித் தோப்பை வெட்டிப் போட்ட மனைகள். செம்மண்ணில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். பூசாத சுவருக்குப் பின்னாலிருந்து, "வீராயி, எங்கள வுடமாட்டியா?" என்று பழைய வாடிக்கைக்காரி ஒருத்தியின் குரல். அதைக் கேட்டதும் கால் தரையில் பாவவில்லை.

வசந்தா வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம். "மீனேய்" என்று வாயெடுப்பதற்குள் வசந்தா ஓடிவந்தாள்.

"அங்கியே நில்லு வீராயி! பால் இன்னும் பொங்கல. கூடையோட வாசல மிதிச்சா எங்க மாமியார் என்னை உண்டு இல்லன்னு பண்ணிடுவாங்க."

அவசரத்தில் பால் காய்ச்சுகிற நாள் என்பதே உறைக்கவில்லை. அஞ்சலாட்சி ஏன் வரவில்லை என்பது இப்போது புரிந்தது. ஒரு கூடைக் கிழங்கா மீன், தலைக்கு மேல் வெயில். டவுனுக்கு அடுத்த பஸ் எப்போதோ.

எதிரே கட்டிட ஆட்களின் கொட்டாயிலிருந்து இருசப்பன் கொத்தனார் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இன்னா மீனு? செஞ்சியில எங்களுக்கு ஏரிக் கெண்டதான். கடல் மீனு ஆக்கத் தெரியாதே."

"புளி கரைக்கத் தெரியுமில்ல? மீதிய நான் சொல்றேன்."

சித்தாள்கள் சட்டியோடு சூழ்ந்துகொண்டார்கள். கூடையில் செதில்தான் மிச்சம்.

"எத்தன நாளைக்கு இங்க வேல?"

"இந்த வரிசை முடிஞ்சா அந்தாண்ட வரிசை. ஊருக்கு எங்க போறது?"

வசந்தா டம்ளரில் பால் கொண்டுவந்தாள். "ஞாயித்துக்கெழம வா. மொத போணி என்னுது."

"வர்றேம்மா. கொட்டாய்க்குக் குடுத்துட்டு அப்பறமா உங்க வூடு."

"குடிவந்த அன்னிக்கே என்னைத் தள்ளி வெச்சிட்டா பாரு," என்று வசந்தா சிரித்தாள்.

வீராயி பாலைக் குடித்துவிட்டு, கடைசி அஸ்திவாரம் தோண்டியிருந்த இடம் வரைக்கும் நடந்து, இன்னும் எத்தனை வரிசை வரும் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வந்தாள்.