வந்ததற்கு ஒரு கையெழுத்து

அம்பாங் இறந்த பன்னிரண்டாம் நாள், அவர் பாதியில் விட்டுப்போன ஆட்சேப மனுவைத் தொடர மகள் யோசெஃபா மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். பொந்தியானாக் நகரில் அவள் நில அளவையாளர். கோப்புகள் அவளுக்குப் பழக்கம்.

செம்பாக் மலைக் காட்டை அழித்து எண்ணெய்ப்பனை நட ஊர் சம்மதித்துவிட்டதாகக் கோப்பில் ஒரு கடிதம் இருந்தது. அதனுடன் பின்செய்த தாளில் நாற்பத்தாறு கையெழுத்துகள். முதலாவது அப்பாவுடையது.

அம்பாங் ரப்பர் பால் வெட்டிப் பிழைத்தவர். அந்த மலைக்காக ஒன்பது ஆண்டுகள் அலைந்தார். புல்டோசருக்கு முன்னால் படுத்திருக்கிறார். எண்ணெய்ப்பனைக் கம்பெனி நடத்தும் கூட்டங்களில் அவர்கள் தரும் காப்பியைக்கூடத் தொடமாட்டார்.

"இது கள்ளக் கையெழுத்து," என்றாள்.

எழுத்தர் நிமிர்ந்தார். "அப்படின்னு எழுதிக் குடுங்க, வேலைய நிறுத்தி வைக்கலாம். ஆனா நல்லாப் பாத்துக்கங்க. பொய்யின்னா கேஸ் உங்க மேல."

பார்த்தாள். கடைசி எழுத்தின் வாலைப் பெயர் முழுக்க அடிக்கோடாக இழுத்துவிடுவது அப்பாவின் பழக்கம். வால் இருந்தது. பிறகுதான் தாளின் மூலை கண்ணில் பட்டது. கடிதத்தில் ஸ்டேப்ளர் துளை இரண்டு. கையெழுத்துத் தாளில் நான்கு. அந்தத் தாள் முன்பு வேறெதனுடனோ இருந்திருக்கிறது. படம் எடுத்துக்கொண்டாள்.

ஊரில், இரண்டாவதாகக் கையெழுத்திட்டிருந்த சித்தப்பா கிரிஸ்பினிடம் படத்தைக் காட்டினாள்.

"இது கூட்டத்துக்கு வந்தவங்க லிஸ்ட்டு, புள்ள. நான் கோழிச்சோத்துப் பொட்டலத்துக்காகப் போட்டேன். உங்கப்பன் பொட்டலத்தத் தொடல. ஆனா பேனாவ மொதல்ல புடுங்கினது அவன்தான். 'வந்து வேண்டாம்னு சொன்னோம்னு அத்தாட்சி வேணும், போடுங்கடா'ன்னு எல்லாரையும் இழுத்துட்டு வந்தான். என் நொண்டி மாமியாரக்கூட விடல."

அந்த வருகைத் தாளைத்தான் கழற்றிச் சம்மதக் கடிதத்தோடு சேர்த்திருக்கிறார்கள்.

"நாப்பத்தஞ்சு பேரும் இதச் சொல்லணும், சித்தப்பா. யாரு போடச் சொன்னாங்கங்கறதையும்."

"செத்தவனையா காட்டிக் குடுக்கறது? கெழவன் மலைய வித்துட்டான்னு காறித் துப்புவாங்க. கள்ளக் கையெழுத்துன்னே எழுதிரு. அவன் பேராச்சும் மிஞ்சும்."

"அது அவரு கையெழுத்து."

ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலய வாசலில் ஊராரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு பெட்ரோனெலா என்ற பெண் எழுந்தாள்.

"எங்க டுரியான் பழமரம் பூரா அந்த மலையிலதான் நிக்குது. உங்கப்பன நம்பித்தானடி போட்டேன்!"

யோசெஃபா தான் எழுதி வைத்திருந்த வாக்குமூலத் தாளையும் பேனாவையும் நீட்டினாள். பெட்ரோனெலா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"மொதல்ல அதுல என்ன எழுதியிருக்குன்னு படி. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

படித்தாள். முதல் வரியிலேயே, போடச் சொன்னவராக அப்பாவின் பெயர். குரல் அங்கேயே நின்றுவிட்டது.

"நிக்காத," என்றாள் பெட்ரோனெலா. "படி."